தை வரைக்கும்

துரைக்கண்ணுவின் கால் ஆறிவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். மூன்று முறையும் கிளம்புகிற நாளுக்கு இரண்டு நாள் முன்னால் புண் மறுபடி வாயைத் திறந்துகொண்டது. "பாழாப்போன காலு, எனக்குன்னு வந்து வாச்சிது பாரு" என்று துரைக்கண்ணு தன் காலையே திட்டுவார். திட்டுவதற்கு அப்போது அவருக்கு வேறு ஆள் தெரியவில்லை.

அது ஐம்பத்தேழாம் வருஷம். ஆடி மாசத்தில் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி ஓரமாக வழுக்கி விழுந்தவரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முன்கால் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. எலும்பு புரட்டாசியிலேயே கூடிவிட்டது. கோலை ஊன்றிக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். புண் ஒன்றுதான் பாக்கி.

புண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒருத்தர் மாசக்கணக்கில் கட்டிலை அடைத்துக் கிடக்க வேண்டாம் என்று அந்த ஆஸ்பத்திரியில் அந்த வருஷம்தான் ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். வயசானவர்கள் ஆஸ்பத்திரியில் கிடக்கக் கிடக்க இடுப்பு விழுந்து படுத்த படுக்கையாகிவிடுகிறார்கள். அவர்களே வீட்டில் நாலு பேரோடு நடமாடினால் தேறிவிடுகிறார்கள். அதனால் வீட்டு மனுஷர் ஒருத்தருக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுப்பார்கள். அவர் கையால் பதினைந்து நாள் கட்டிப் புண் சுத்தமாக இருந்தால் நோயாளி வீட்டுக்குப் போகலாம். அப்புறம் வாரம் ஒரு தரம் வேனில் ஒரு சிஸ்டர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போவார். அந்த வேன் சிஸ்டரின் பெயர் சுகிர்தம். குள்ளமாக இருப்பார், குரல் மட்டும் வார்டின் அந்தக் கோடிவரை கேட்கும்.

துரைக்கண்ணுவுக்கு அடுத்த கட்டிலில் இருந்தவர் நந்தகோபால், குடியாத்தத்து நெசவுக்காரர். துரைக்கண்ணுவைவிட நாலு வயசு பெரியவர், புண்ணும் பெரிசு. அவர் பெண்சாதி சொன்னபடி கற்றுக்கொண்டு பதினைந்தே நாளில் ஆளை அழைத்துப் போய்விட்டாள். "நேத்து போய்ப் பார்த்தேன் பெரியவரே. தறியில உக்காந்துட்டார். லுங்கி நெய்யிறார்" என்று சுகிர்தம் சிஸ்டர் வந்து சொன்னபோது துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

துரைக்கண்ணுவுக்கு மட்டும் என்ன குறை? கட்டுப் போடக் கற்றுக்கொண்டவள் முனியம்மா. முப்பத்தாறு வருஷம் கூட வாழ்ந்த பெண்சாதி. நோயாளிகளின் ஆட்கள் தங்குகிற கொட்டகையில் மூன்று கல்லைக் கூட்டிக் கேழ்வரகுக் களி கிளறி, கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்து ஊட்டாத குறையாகப் போடுவாள். சனிக்கிழமை பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய், திங்கட்கிழமை காலையில் திரும்பி வந்துவிடுவாள். கை கழுவுவது, துணியைக் கொதிக்க வைப்பது, உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவுவது, பிசிறில்லாமல் சுற்றிக் கட்டுவது எல்லாம் நாலே நாளில் அவளுக்குப் படிந்துவிட்டது. "இந்தம்மாவை நர்ஸ் வேலைக்கே எடுத்துக்கலாம்" என்று சிஸ்டரே சொன்னார். துரைக்கண்ணு அன்றைக்கு வார்டு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனுஷனுக்கு அவ்வளவு பெருமை.

கட்டும்போது சில நாள் சுரீரென்று எரியும்.

"இன்னாமே இப்டி எரியுது?"

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். சும்மா கெட."

"மருந்துல ஒரு வாசனை வருது. ஷாப்பு வாசனை."

"உன் ஒடம்பே ஷாப்பு வாசனைதான். நாப்பது வருசம் குழில எறங்கினவன் மல்லிப்பூ மாதிரியா மணப்பே?"

அவர் சிரித்துவிடுவார். அந்த வாசனை அவருக்குப் பிடித்தும் இருந்தது. பினாயிலும் டிஞ்சரும் நாறுகிற இடத்தில் அது வந்தால் ஆம்பூரில் ஷாப்பு கொடுத்த லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்துகொள்வார். அட, எப்பேர்ப்பட்ட ஏமாளி!

துரைக்கண்ணுவின் வேலை சுண்ணாம்புக் குழியில். பச்சைத் தோலைக் குழியில் போட்டு ஊற வைப்பார்கள். ஊறின தோலை எடுத்துக் கழுத்துப் பக்கம் கட்டை விரலால் ஓர் இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். மயிர் வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் பதம். வராவிட்டால் இன்னும் ஊறணும். ஒரு நாள் முந்தினாலும் மயிர் நிற்கும், ஒரு நாள் பிந்தினாலும் தோல் கெட்டுப்போகும். அந்த ஷாப்பில் இருபது வருஷமாகத் துரைக்கண்ணுவின் கட்டை விரல் சொன்ன பிறகுதான் தோல் குழியை விட்டு மேலே வரும். மேஸ்திரிகூட அதில் குறுக்கே பேசமாட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாலாற்றில் தண்ணீர் போகிறது என்று வார்டே பேசிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் புண்ணை வெகுநேரம் பார்த்தார். ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போய் இருந்தது. "நாலாவது தடவையும் இப்படியானா நான் ஒண்ணும் பண்றதுக்கில்லை பெரியவரே. முழங்காலுக்குக் கீழே எடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி துரைக்கண்ணு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பின முனியம்மாவிடம் சொன்னார்.

"கால எடுத்துடுவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"டாக்டருதான். இன்னொரு தபா கெட்டா எடுத்துடுவாராம். முனியம்மா, எனுக்குப் பயமா கீது. நீ கொஞ்சம் ஜாஸ்தியா பாத்துக் கட்டு. இந்தத் தபா எப்டியாவது என்னை வீட்டுக்கு இட்னு போயிடு."

முனியம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் தளும்பினதைப் பார்த்து அவருக்கே மனசு கேட்கவில்லை. "அழாதே, ஒண்ணும் ஆவாது" என்று அவர்தான் தேற்றி அனுப்பினார்.

திங்கட்கிழமை வந்தாள். கட்டினாள். எரிந்தது. செவ்வாய்க்கிழமையும் கட்டினாள். எரிந்தது. வாசனையும் வந்தது.

புதன்கிழமை காலையில் பழைய கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு முனியம்மா வெந்நீர் கொண்டுவரக் கொட்டகைக்குப் போயிருந்தாள். காலைக் கட்டில் விளிம்பில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த துரைக்கண்ணுவுக்குப் புண் ஓரம் நமைச்சல் எடுத்தது. சொறியக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் கட்டை விரலால் லேசாகத் தடவினார். தடவின விரலில் கால் மயிர் ஒட்டிக்கொண்டு வந்தது. சரியாகப் பார்க்காமல் துடைத்துவிட்டு மறுபடி தடவினார். மறுபடியும் கொத்தாக வந்தது.

இருபது வருஷம் கன்றுத்தோலிலும் ஆட்டுத்தோலிலும் பார்த்த பதம். அதே வழவழப்பு, அதே வெளுப்பு, அதே நாற்றம். அந்தக் கட்டை விரலுக்கு இதில் தப்பே வராது. கட்டிலுக்கடியில் முனியம்மாவின் துணி மூட்டை இருந்தது. கோலால் இழுத்து அவிழ்த்தார். சேலை மடிப்புக்குள் ஒரு டானிக் புட்டி. மூடியைத் திறந்து முகர்ந்தார். பழைய சுண்ணாம்பு. குழியின் அடிச்சேறு. அது ஷாப்பைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

முனியம்மா வெந்நீர்ச் செம்போடு வந்தாள். புட்டி தலையணை மேல் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"முனியம்மா, கட்ட விரல குடு."

"இன்னாத்துக்கு?"

"குடுன்றேன்."

அவள் விரலைப் பிடித்துத் தன் முன்காலில் வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். விரலைத் திருப்பி அவள் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"இன்னா இது?"

"மயிரு."

"குழில எத்தினி நாளு ஊறினா இப்டி வரும்? நீ ஷாப்புக்காரன் பொண்டாட்டி. சொல்லு பாப்போம்."

செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். தலையணைமேல் இருந்த புட்டியை அப்போதுதான் பார்த்தாள்.

"இத யாரு குடுத்தா?"

முனியம்மா புட்டியை எடுக்கக் கையை நீட்டினாள். அவர் எட்டாமல் தள்ளி வைத்தார்.

"முனியம்மா, வாயத் தொற. கத்தவெக்காதே, பக்கத்துல நோயாளிங்க கீறாங்க."

"கங்காதரன்" என்றாள்.

கங்காதரன் அவருடைய ஒரே மகன். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். துரைக்கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் பெயரில், அவர் இடத்தில் குழி வேலை செய்கிறவன். அது அந்த ஷாப்பு வழக்கம். ஆள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் பேர் புஸ்தகத்தில் நிற்கும், வீட்டாள் பதிலுக்கு வேலை செய்யலாம், லைன் வீட்டிலும் இருக்கலாம். ஆள் ஆஸ்பத்திரியை விட்டு வந்துவிட்டால் எட்டு நாளில் வேலைக்கு நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் பேரை அடித்துவிட்டு வீட்டை அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"தை மாசம் புதுப் பேரு எழுதறாங்களாம்யா. மேஸ்திரி கங்காதரன் பேர எழுதறேன்னு வாக்கு குடுத்துக்கீறாரு. அதுக்குள்ள நீ வந்துட்டா உன் பேர அட்ச்சுடுவாங்க. குழில எறங்கற காலா இது? பேரும் போயி வீடும் போயி, மருமவ அம்சவேணிக்கு நாலாவது மாசம் வேற. மூணு புள்ளைங்கள இட்னு எங்க போறது? தை வரைக்கும்தான்யா. தை வரைக்கும் நீ இங்க இருந்தா போதும்னுதான்..."

"எங்கிட்ட சொன்னா நான் இருக்கமாட்டேனா?"

"கால் ஆறிட்டா சிஸ்டரு உன்ன வெச்சினு இருப்பாங்களா? அவங்களே கொண்டாந்து வுட்டுடுவாங்களே."

"அதுக்கு என் கால ஊறப் போட்டியா?"

முனியம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"போவட்டும். மொதல்ல தெரியாம செஞ்சே. சனிக்கெழம சொன்னேனே, கால எடுத்துடுவாங்கன்னு. எனுக்குப் பயமா கீதுன்னு உங்கிட்டதானே சொன்னேன்? அதுக்கப்புறமும் வெச்சியா?"

"நான் மாட்டேன்னுதான் சொன்னேன்யா. கங்காதரன்தான்..."

"கங்காதரன் இன்னா சொன்னான்? சொல்லு."

"வேணாம்யா."

"சொல்லுமே!"

"கால எடுத்தா... இன்னும் நாலு மாசம் ஆஸ்பத்திரிலயே வெச்சிப்பாங்க, நல்லதாப் போச்சுன்னான்."

வெளியே மழை சடசடவென்று கொட்டியது. துரைக்கண்ணு புட்டியை எடுத்து மூடியை இறுக்கித் திருகினார். பெற்ற பிள்ளை சொன்னதுகூட அவருக்கு அவ்வளவு தைக்கவில்லை. இளரத்தம், பிள்ளைக்குட்டிக்காரன், எதையோ சொன்னான் என்று வைத்துக்கொள்ளலாம். இவள் அதைக் கேட்டுக்கொண்டு, பஸ் ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, களியை உருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அதே கையால் வைத்தாளே. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"நீ ஊருக்குப் போ" என்றார்.

"யாரு கட்டுவாங்க?"

"போமே இங்கேர்ந்து."

அன்று சாயங்காலம் சுகிர்தம் சிஸ்டர் வந்தபோது துரைக்கண்ணு, "சிஸ்டரம்மா, கட்டுறத எனக்குக் கத்துக் குடுங்க" என்றார்.

"உங்களுக்கா? அம்மா நல்லாத்தானே கட்டுறாங்க?"

"அவளுக்கு வீட்ல வேல ஜாஸ்தி. எங்கால நானே பாத்துக்கறேன்."

சிஸ்டர் காலைக் குனிந்து பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் விட்டுவிட்டார். "சரி, முதல்ல கை கழுவுங்க. இப்படி இல்லை, முழங்கை வரைக்கும்" என்று அதட்டினார்.

நாற்பது வருஷம் தோலோடு பழகின கைக்கு அது ஒரு வேலையே இல்லை. எங்கே அழுத்தலாம், எங்கே தொடக் கூடாது, எந்த ஓரம் செத்தது, எந்த ஓரம் உயிரோடு இருக்கிறது என்று விரலுக்கே தெரிந்தது. பத்தாம் நாள் புண் சிவந்து சுருங்கியது. பதினைந்தாம் நாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இத்தனை நாள் இந்தக் கால் எங்கே போயிருந்தது?" என்று கேட்டார். துரைக்கண்ணு சிரிக்கவில்லை.

நடுவில் ஒரு நாள் அதாவுல்லா வந்தார். ஷாப்பில் துரைக்கண்ணுவுக்கு அடுத்த குழி அவருடையது. வீடு பேரணாம்பட்டில். நாலு பன்னும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நீயில்லாம ஷாப்பு பேஜாரு துரைக்கண்ணு. போன வாரம் ஒரு குழித் தோலே கெட்டுப்போச்சு. எப்ப வர்றே?"

"வெள்ளிக்கெழம வுடறாங்க பாய்."

"வீட்ல சொல்லிட்டியா?"

"சொல்லல."

"ஏன்?"

துரைக்கண்ணு சொன்னார். வேறு யாரிடமும் சொல்லாததை ஒன்று விடாமல் சொன்னார். அதாவுல்லா உரித்த பழத்தைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"யா அல்லா. முனியம்மாவா?"

"முனியம்மாதான்."

"அங்க போவாதே. நம்ம வீட்டுக்கு வந்துடு. எம் பொண்டாட்டி சகீனா ஒண்ணும் சொல்லமாட்டா. வாசல் ரூம்பு காலியாத்தான் கீது."

"இல்ல பாய். எம்பேர்ல கீற வீடு அது. போய் நடு வீட்ல உக்காரப் போறேன். பேரு போவட்டும், வீடும் போவட்டும். எல்லாரும் தெருவுல நிக்கட்டும். அப்பத்தான் தெரியும்."

மனசார அதைத்தான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் சுகிர்தம் சிஸ்டர் அவரை முன் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து மணி வாக்கில் வேன் லைன் வீடுகளுக்கு முன்னால் போய் நின்றது. முதலில் பேரப்பிள்ளைகள்தான் பார்த்தார்கள். "தாத்தா வந்துட்ச்சு!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னவள் கோலைப் பிடுங்கி அவரைப் போலவே நொண்டிக் காட்டினாள். மருமகள் அம்சவேணி கதவண்டை வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குப் பின்னால் முனியம்மா.

சத்தம் கேட்டு ஷாப்பிலிருந்து மேஸ்திரி எட்டிப் பார்த்தார். அவர் பின்னாலேயே முழங்கால்வரை சுண்ணாம்போடு கங்காதரன் ஓடிவந்தான்.

"இன்னா துரைக்கண்ணு, வுட்டுட்டாங்களா?" என்று மேஸ்திரி கேட்டார். "வந்துட்டியா, இல்லியா? கணக்கப்பிள்ளை கிட்ட சொல்லணுமே."

கங்காதரன் பக்கத்தில் வந்து குனிந்தான். "நைனா, கால்ல வேணா வுழுறேன். ஒரே ஒரு வார்த்தை நைனா. தை வரைக்கும்" என்று காதுக்குள் சொன்னான். அவன் கால்களைத் துரைக்கண்ணு பார்த்தார். சுண்ணாம்பு தின்று விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. தன் கால் இருந்த மாதிரியே இருந்தது.

வந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பதினைந்து நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைதான். சின்னவள் இன்னும் கோலை வைத்துக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வுட்றாங்க, மேஸ்திரி" என்றார் துரைக்கண்ணு. "புள்ளைங்கள ஒரு தபா பாத்துட்டு வரலாம்னு இட்னு வந்தாங்க. திரும்பிப் போறேன்."

மேஸ்திரி சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் வேன் கதவை வெறுமனே திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

மேஸ்திரி போன பிறகு கங்காதரன் உண்மையாகவே காலில் விழப் பார்த்தான். துரைக்கண்ணு கோலைக் குழந்தையிடமிருந்து வாங்கிக் குறுக்கே வைத்துத் தடுத்தார். வேனில் ஏறி உட்கார்ந்து, "பேரணாம்பட்டு போவணும் சிஸ்டரம்மா. அதாவுல்லா வீடு. வாரா வாரம் அங்க வந்து பாருங்க" என்றார்.

வேன் கிளம்புகிற சமயத்தில் முனியம்மா ஒரு துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை உள்ளே வைத்தாள்.

"நானும் வர்றேன்யா. அடி, உதை, இன்னா வேணா பண்ணு. தனியா எப்டி இருப்பே? யாரு பாத்துப்பாங்க?"

"எறங்கு முனியம்மா."

"யோவ், நான் உன் பொண்டாட்டிய்யா."

"உன்ன நம்பித்தான் கால நீட்டினேன். சிஸ்டரு கிட்டகூட கொஞ்சம் பயந்து பயந்து நீட்டுவேன். உங்கிட்ட கண்ண மூடினு நீட்டினேன். இனிமே எங்கால் உன் கைல வராது. எறங்கு."

முனியம்மா இறங்கினாள். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவில் நின்றாள். பிள்ளைகள் வேனுக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார்கள்.

துரைக்கண்ணு திரும்பிப் பார்க்கவில்லை. ஆம்பூர் தாண்டினதும் அழ ஆரம்பித்தார். பேரணாம்பட்டு வருகிறவரைக்கும், வேன் டிரைவரும் சிஸ்டரும் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதுகொண்டே போனார்.